விரலால் அளந்த காய்ச்சல்: மண்ணீரலும் மலேரியாவும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதலில் ஒரு சின்ன வேலை. மல்லாந்து படுத்து, வலது கை விரல்களை இடது பக்க விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே வைத்து மெல்ல அழுத்துங்கள். மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள். விரல் நுனியில் ஏதாவது வந்து இடிக்கிறதா? இல்லை என்றால் நல்லது. உங்கள் மண்ணீரல் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

எம்பிபிஎஸ் முதல் வருடத்தில் எங்களுக்கு ஒரு கணக்கு சொல்லித் தருவார்கள். 1, 3, 5, 7, 9, 11. ஓர் அங்குலம் தடிமன், மூன்று அங்குலம் அகலம், ஐந்து அங்குலம் நீளம், ஏழு அவுன்ஸ் எடை, ஒன்பதாவது விலா முதல் பதினொன்றாவது விலா வரை. அதுதான் மண்ணீரல். மூடிய கை முஷ்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் விலாவைத் தாண்டி விரலில் தட்டும்.

இந்த ஒரு 'தட்டு'தான் இன்றைய கதை. மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமியைப் பார்ப்பதற்கு முப்பது வருஷங்களுக்கும் முன்பே, ஒரு ஊரில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்பதை இந்தத் தட்டை வைத்தே அளந்தார்கள். அளந்தது நம் நாட்டில்தான்.

அதற்கு முன்னால் மண்ணீரல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒரு சிவப்பணுவின் குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். மண்ணீரலுக்குள் அது நுழைந்து வெளியேற வேண்டிய இடுக்குகளின் அகலமோ ஒன்றிரண்டு மைக்ரான்தான். எப்படிப் போகும்? உடம்பை நெளித்து, நீட்டி, பிதுங்கிப் போகும். நல்ல அணு இளகியது, போய்விடும். வயசான அணு விறைத்துப்போய் மாட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே காத்திருக்கும் விழுங்கணுக்கள் அதைச் சாப்பிட்டுவிடும். 120 நாள் உழைத்த அணுவுக்கு ஓய்வு கொடுக்கும் இடம்.

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்தால் என்ன ஆகும்? அணு விறைக்கும். விறைத்தால் மாட்டும். மாட்டினால் தீர்ந்தது. அதாவது மண்ணீரல் மலேரியாக் கிருமியை 'அடையாளம்' கண்டு பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. இடுக்கில் நெளிய முடியாதவன் எவனோ அவன் உள்ளே. இதற்கு மேலே ஆன்டிபாடி, நிணநீர் அணுக்கள் என்று தனிப் படையும் அங்கேயே பயிற்சி எடுக்கிறது.

இன்னொரு வித்தையும் மண்ணீரலுக்குத் தெரியும். புளியம்பழத்தில் சதையை விட்டுவிட்டுக் கொட்டையை மட்டும் எடுப்போம் இல்லையா, அதே மாதிரி அணுவுக்குள் இருக்கும் கிருமியை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அணுவைத் திரும்ப ரத்தத்தில் விட்டுவிடும். இன்று தீவிர மலேரியாவுக்கு நாங்கள் போடும் ஆர்ட்டிசுனேட் ஊசி இவ்வளவு வேகமாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து கிருமியைக் கொல்கிறது. பிணத்தை அப்புறப்படுத்துவது மண்ணீரல்.

இவ்வளவு வேலை வந்து குவிந்தால் அது பெருக்காமல் என்ன செய்யும்? திரும்பத் திரும்ப மலேரியா வரும் ஊரில் குழந்தைகளின் மண்ணீரல் விலாவைத் தாண்டும், சில சமயம் தொப்புள் வரை வரும். வெள்ளைக்காரர்கள் இதற்கு 'ஏக்யூ கேக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். குளிர்காய்ச்சல் விட்டுப்போன கட்டி.

இப்போது 1840-களின் வட இந்தியாவுக்கு வாருங்கள். யமுனைக் கால்வாய்ப் பகுதியில் கர்னால் என்ற பெரிய ராணுவ முகாம். சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் முகாமையே காலி செய்ய வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் அரசு கங்கைக் கால்வாய் என்ற மிகப் பெரிய திட்டத்தைக் கையில் எடுத்திருந்தது. கேள்வி எழுந்தது: கால்வாய் வெட்டினால் காய்ச்சல் வருமா?

இதற்கு ஒரு குழு போட்டார்கள். பேக்கர், யூல் என்று இரண்டு இன்ஜினியர்கள், டெம்ஸ்டர் என்று ஒரு டாக்டர். (யூல் யார் தெரியுமா? பிற்காலத்தில் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி தொகுத்தாரே, அந்த ஹென்றி யூல்தான். கட்டுமரம், கறி, சுருட்டு எல்லாம் ஆங்கிலத்தில் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று எழுதிய மனிதர் ஒரு காலத்தில் மண்ணீரல் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.)

டெம்ஸ்டர் கையில் என்ன இருந்தது? ரத்தப் பரிசோதனை கிடையாது. கிருமி என்ற எண்ணமே கிடையாது. கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலம். 'உங்க ஊர்ல காய்ச்சல் உண்டா?' என்று கேட்டால் எல்லா ஊரிலும் உண்டு என்பார்கள். வரி அதிகாரி கேட்டால் இன்னும் அதிகமாகச் சொல்வார்கள். ஆகவே அவர் பேச்சை விட்டுவிட்டு வயிற்றைத் தொட்டார். ஊர் ஊராகப் போய், நூறு பேரைத் தொட்டால் எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுகிறது என்று எண்ணினார். 1847-இல் அறிக்கை கொடுத்தார்கள். நாங்கள் இன்றைக்கும் பாடத்தில் படிக்கும் 'ஸ்பிளீன் ரேட்' பிறந்தது இப்படித்தான்.

அந்தக் கணக்கில் தெரிந்த விஷயம்: கால்வாய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கேள்வி இல்லை. தண்ணீர் வடிகிறதா தேங்குகிறதா என்பதுதான் கேள்வி. வடிகால் அடைபட்ட ஊர்களில் வயிறுகள் பெருத்திருந்தன. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டுக்கோட்டைக்குப் போகும்போது தேவைப்படும்.

நடுவில் ஒரு கசப்பான அத்தியாயம். இதைச் சொல்லாமல் மண்ணீரலின் இந்திய வரலாற்றை எழுத முடியாது.

பெருத்த மண்ணீரல் பலவீனமானது. மேலுறை இழுபட்டு மெலிந்திருக்கும், உள்ளே ரத்தம் நிரம்பியிருக்கும். ஒரு குத்து, ஒரு உதை, ஏன் சில சமயம் ஒன்றுமே இல்லாமல்கூட வெடிக்கும். வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி ஆள் போய்விடுவார்.

1875, ஆக்ரா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல் குடும்பத்தோடு சர்ச்சுக்குக் கிளம்புகிறார். வண்டி வாசலில் தயாராக இல்லை. குதிரைக்காரர் கட்வாரூவைத் தலையில் அறைகிறார், முடியைப் பிடித்து இழுக்கிறார், அவர் கீழே விழுகிறார். எழுந்து பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் பெருத்த மண்ணீரல், அது கிழிந்திருந்தது. ஃபுல்லருக்கு மாஜிஸ்திரேட் லீட்ஸ் கொடுத்த தண்டனை என்ன தெரியுமா? 30 ரூபாய் அபராதம். கட்டாவிட்டால் 15 நாள் சிறை.

அடுத்த ஆண்டு வைஸ்ராய் லிட்டன் இதைக் கண்டித்து ஒரு குறிப்பு எழுதினார். மாஜிஸ்திரேட்டுக்கும் கண்டனம் போனது. இங்கிருந்த வெள்ளைக்காரச் சமூகமும் அவர்களுடைய பத்திரிகைகளும் கொதித்தது கட்வாரூவுக்காக இல்லை, ஒரு துரையைக் கண்டித்துவிட்டாரே என்று. ஃபுல்லர் வழக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை. தேயிலைத் தோட்டங்களிலும் முகாம்களிலும் கூலிகளும் வேலைக்காரர்களும் உதைபட்டுச் செத்தபோதெல்லாம் 'மண்ணீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது' என்ற வரி தயாராக இருந்தது.

ஒரு டாக்டராக என் கருத்தைச் சொல்கிறேன். பிரேதப் பரிசோதனை செய்தவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மண்ணீரல் உண்மையிலேயே பெருத்திருக்கும், உண்மையிலேயே லேசான அடியில் கிழிந்திருக்கும். ஆனால் அது எப்படி அடித்தவனுக்குச் சாதகமாகும்? 1860 இந்திய தண்டனைச் சட்டத்தின் 299-ஆவது பிரிவின் முதல் விளக்கமே இதைப் பேசுகிறது: ஏற்கெனவே நோயாளியாக இருப்பவருக்குக் காயம் ஏற்படுத்தி, அதனால் மரணம் சீக்கிரம் வந்தால், மரணத்தை ஏற்படுத்தியவராகவே கருதப்படுவார். புத்தகத்தில் இருந்தது. கோர்ட்டில் அபராதம் 30 ரூபாய். இன்னொன்று, இந்த நாட்டு மக்களுக்கு மண்ணீரல் பெருத்திருக்கும் என்பது அப்போது இங்கிருந்த ஒவ்வொரு துரைக்கும் தெரியும். தெரிந்தே உதைப்பது இன்னும் மோசம் இல்லையா? லிட்டனின் குறிப்பிலேயே இந்த வாதத்தின் சாயல் இருக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இதை நான் எழுதுவது போலகத்தில் உட்கார்ந்து. தெரியாதவர்களுக்கு: காரைக்காலுக்குத் தெற்கே, நாகூர் போகும் வழியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் இருக்கும் ஊர். காவிரியின் கடைமடை. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த பகுதி.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் மலேரியாவுக்கும் நெருங்கின உறவு. மலேரியாக் கிருமியை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர் ஒரு பிரெஞ்சு ராணுவ டாக்டர், அல்போன்ஸ் லாவரான். அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், 1880 நவம்பர் 6. அதற்கு 17 வருஷம் கழித்து செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதே கிருமியைக் கொசுவின் வயிற்றில் பார்த்தார். ராஸ் மதராஸ் மாகாணப் பணியில் சேர்ந்து இந்த நாட்டுக்கு வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் காரைக்காலுக்கு இதில் இன்னொரு பங்கு உண்டு, அது லேபரட்டரியில் நடந்ததில்லை. 1860, 1861-இல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் பிடித்து, பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பலாம். காரைக்கால் துறைமுகத்தில் இருந்தும் தஞ்சாவூர் சீமை ஜனங்கள் ரீயூனியனுக்கும், குவாதலூப்புக்கும், மார்த்தினிக்குக்கும் கப்பல் ஏறினார்கள். அந்தப் பக்கம் மொரீஷியஸுக்கு மதராஸ், கல்கத்தா வழியாகப் பிரிட்டிஷ் கப்பல்கள்.

மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் அதுவரை மலேரியா கிடையாது. கிருமியைச் சுமந்த உடம்புகள் வந்திருக்கலாம், ஆனால் கடத்துவதற்குத் தோதான கொசு இல்லை. 1860-களில் கொசுவும் கப்பலேறி வந்து சேர்ந்தது, ஆப்பிரிக்கப் பக்கம் இருந்து. கிருமியும் கொசுவும் ஒரே தீவில் சந்தித்தன. 1866-68-இல் மொரீஷியஸில் பல்லாயிரக்கணக்கானோர் செத்தார்கள். அடுத்து ரீயூனியன். பழி யார் மேல் விழுந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 'இந்தியக் கூலிகள் கொண்டுவந்த காய்ச்சல்.' கொசுவைக் கொண்டுவந்த கப்பலைப் பற்றி யாருக்கும் அப்போது தெரியாது. கூலியை ஏற்றிவந்தவனைப் பற்றித் தெரியும், ஆனால் அவனைக் கேட்பாரில்லை.

1907-இல் ராஸே மொரீஷியஸ் போனார். அவரும் செய்தது டெம்ஸ்டர் செய்ததைத்தான்: தீவு முழுக்கக் குழந்தைகளின் இடது விலாவுக்குக் கீழே கை. நோபல் பரிசு வாங்கிய கை. அந்தக் குழந்தைகளில் பலர் நம் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்.

இனி பட்டுக்கோட்டை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

தஞ்சாவூர் பழைய டெல்டா முழுக்கத் தண்ணீர். வயல், வாய்க்கால், குளம், குட்டை. எல்லாக் கணக்குப்படியும் மலேரியா தலைவிரித்து ஆட வேண்டும். ஆடவில்லை. யானைக்கால் நோய் உண்டு, காலரா உண்டு, மலேரியா மட்டும் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. பிறகு 1934-இல் மேட்டூர் அணை. கல்லணைக் கால்வாய் என்ற புது ஆறு வெட்டி, அதுவரை மானாவாரி மேட்டுநிலமாக இருந்த பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குக் காவிரியைக் கொண்டுபோனார்கள். தண்ணீர் வந்தது, நெல் வந்தது. கூடவே குளிர்காய்ச்சலும் வந்தது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் இருந்து பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க டாக்டர் வந்து பட்டுக்கோட்டையில் தங்கி ஆராய்ச்சி செய்தார். கூட நம்மாட்கள், அதில் ஒருவர் டி. ராமச்சந்திர ராவ், பின்னாளில் இந்தியாவின் அனாஃபிலிஸ் கொசுக்களைப் பற்றி எழுதப்பட்ட பெரிய நூல் இவருடையதுதான். மண்ணீரல் தொட்டார்கள், ரத்தம் பார்த்தார்கள், ஆயிரக்கணக்கில் கொசுப் புழு எண்ணினார்கள். குற்றவாளி அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ். இந்தக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிந்த, வெயில் படும், புதுத் தண்ணீர் வேண்டும்.

புதுக் கால்வாய் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தது. கரைக்கு மண் எடுத்த குழிகளை மூடவில்லை. மதகில் ஒழுகல். வாய்க்கால் ஓரம் கசிவு. மிஞ்சின தண்ணீருக்கு வடிகால் இல்லை. 1938-இல் ரஸ்ஸல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே இதுதான்: குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனத்தால் வந்த மலேரியா. பாசனத்தால் என்று சொல்லவில்லை பாருங்கள். ஒழுங்கற்ற பாசனத்தால். தொண்ணூறு வருஷம் முன்னால் டெம்ஸ்டர் குழு சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

இன்னும் அழகான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நடவு முடிந்த புது வயலில் இந்தக் கொசுப் புழு நிறைய இருக்கும். பயிர் ஏறக்குறைய ஓர் அடி வளர்ந்ததும் காணாமல் போய்விடும். ஏன்? நிழல் காரணமா? அதையும் சோதித்தார்கள். நிழலைவிடப் பெரிய காரணம் தடை. இந்தப் பெண் கொசு தண்ணீர் மேல் உட்காராமல், பறந்துகொண்டே ஆடி ஆடி முட்டை போடும். நிமிர்ந்து நிற்கும் தாள்கள் நெருங்கிவிட்டால் அந்த ஆட்டத்துக்கு இடம் கிடையாது. நம்ம விவசாயி நெருக்கமாக நட்டது கொசுவுக்குத் தெரியாமலே அதன் பிரசவ வார்டை மூடிவிடுகிறது!

வீட்டுக்குள் பைரித்ரம் மருந்து அடித்து, பெரிய கொசுவைக் கொன்றால் மலேரியா குறையும் என்பதையும் இங்கேதான் ரஸ்ஸல் குழு காட்டியது. டிடிடி வருவதற்கு முன்னால். இன்று நம் வீட்டுச் சுவரில் மருந்து அடிக்க வரும் ஊழியருக்குப் பின்னால் பட்டுக்கோட்டைக் குடிசைகளும் இருக்கின்றன. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் கோழி மலேரியாவுக்குத் தடுப்பூசி முயற்சியும் ரஸ்ஸல் செய்தார், 1942-இல் வெளியானது. அது தனி த்ரெட்டுக்கான சமாச்சாரம்.

இதே சமயம் கடல் தாண்டி இலங்கையில் நடந்தது மண்ணீரலைப் பற்றிய நம் புரிதலையே ஆழமாக்கியது. 1934-35-இல் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அதே குலிசிஃபேசிஸ். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். எங்கே அதிகம்? எப்போதும் மலேரியா இருக்கும் வறண்ட பகுதியில் இல்லை. மழை அதிகம் பெய்யும், மலேரியா அதிகம் பழகாத கேகாலை போன்ற ஈரப் பகுதிகளில்.

யோசித்துப் பாருங்கள். பெருத்த மண்ணீரல் உள்ள ஊர் என்றால் நோய் உள்ள ஊர். ஆனால் அது சண்டை பழகிய ஊரும்கூட. குழந்தைப் பருவத்தில் பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கும். மண்ணீரல் தட்டாத ஊர் ஆரோக்கியமான ஊர், ஆனால் வெள்ளம் வந்தால் நீச்சல் தெரியாத ஊர். 1950-இல் உலக சுகாதார நிறுவனம் கம்பாலா மாநாட்டில் ஊர்களை வகைப்படுத்தியபோது இரண்டு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளின் மண்ணீரலைத்தான் அளவுகோலாக எடுத்தது. 10 சதவீதம் வரை என்றால் குறைவு, 50-ஐத் தாண்டினால் கடுமை, 75-ஐத் தாண்டினால் உச்சம். உச்சமான ஊர்களில் ஒரு வினோதம்: குழந்தைகளுக்கு எல்லாம் தட்டும், பெரியவர்களுக்குப் பெரிதாகத் தட்டாது. சண்டை முடிந்து மண்ணீரல் சுருங்கிவிட்டது. அந்தச் சண்டையில் எத்தனை குழந்தைகள் பெரியவர்களாகவே ஆகவில்லை என்பதை மண்ணீரல் சொல்லாது.

எல்லாம் சரி டாக்டர், இவ்வளவு பெரிய வடிகட்டி இருந்தும் மலேரியா ஏன் ஆளைக் கொல்கிறது? நியாயமான கேள்வி.

ஃபால்சிபாரம் என்ற கிருமி படு கில்லாடி. அதன் 48 மணி நேர வாழ்க்கையில் முதல் பாதியில் அணு இன்னும் ஓரளவு இளகியே இருக்கும். விறைக்கும் நேரம் வரும்போது, அணுவின் மேல் முண்டு முண்டாக ஒட்டும் புரதத்தை வளர்த்து, மூளை, நஞ்சுக்கொடி என்று சின்ன ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலுக்குப் போனால்தானே மாட்டுவது? போகவே போகாது. மூளை மலேரியா என்று நாங்கள் பயப்படுவது இந்த ஒட்டலைத்தான். ஸ்லைடில் சின்ன மோதிர வடிவக் கிருமி மட்டுமே தெரிவதும் இதனால்தான். பெரியவை சுவரில் ஒளிந்திருக்கின்றன. முதல் பாதியிலேயே ஒரு பகுதியை மண்ணீரல் பிடித்துவிடுகிறது என்பதை பாரிஸ் பாஸ்டர் நிலைய ஆய்வாளர்கள் மனித மண்ணீரல்களையே உடலுக்கு வெளியே ரத்தம் ஓட வைத்து 2008-இல் காட்டினார்கள்.

வைவாக்ஸ் கிருமியின் கதை இன்னும் விசித்திரம். இந்தோனேசியாவின் பாப்புவா பகுதியில், விபத்து போன்ற காரணங்களால் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் மண்ணீரல்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். காய்ச்சலே இல்லாதவர்கள். ஆனால் உடம்பில் இருந்த வைவாக்ஸ் கிருமிகளில் 98 சதவீதத்துக்கு மேல் மண்ணீரலுக்குள் இருந்தன, உயிரோடு, பெருகிக்கொண்டு! வைவாக்ஸுக்கு இளம் சிவப்பணுதான் உணவு. அது மண்ணீரலில் நிறைய உண்டு. சிறைச்சாலை என்று 170 வருஷமாக நினைத்திருந்தோம், பாதி ஆட்கள் அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள்.

ஆக, ரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றால் உடம்பில் இல்லை என்று அர்த்தம் கிடையாது. ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்கு என்று வேலைக்கோ டூருக்கோ போய்வந்து விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல் வந்தால், ஒரு தடவை நெகட்டிவ் வந்ததும் விட்டுவிடாதீர்கள், போய்வந்த ஊரைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மலேரியா இருப்பவர்கள் காய்ச்சல் விட்ட கையோடு கபடி, ஃபுட்பால் என்று இறங்க வேண்டாம். திடீரென்று பெருக்கும் மண்ணீரல்தான் பழைய கட்டியைவிட எளிதில் கிழியும். இடது விலாவுக்குக் கீழே வலி, இடது தோள்பட்டையில் வலி, தலைசுற்றல் என்றால் உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடி வாருங்கள்.

விபத்திலோ ரத்த நோயாலோ மண்ணீரலை எடுத்துவிட்டவர்கள் இதைப் படித்தால்: நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மலேரியா உள்ள ஊருக்குப் போவதற்கு முன்னால் தடுப்பு மாத்திரை கேளுங்கள். எந்தக் காய்ச்சலுக்கும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், 'எனக்கு மண்ணீரல் இல்லை.'